நிறுத்து என்ற பட்டன்

அந்தக் கம்ப்யூட்டரை நான் மூன்று முறை அடித்திருக்கிறேன். இரண்டு முறை கையால், ஒரு முறை காலால். உதைத்தபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை, என் கட்டைவிரல் நகம்தான் பெயர்ந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். எதிரில் இருப்பது ஆளா, மேசையா, இயந்திரமா என்று பார்க்காமல் கை நீளும். அதைப் பெரிய வீரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு வேலை. குரும்பலூரில் வீடு. காலையில் ஒரு பஸ் பிடித்துப் பெரம்பலூர், அங்கே இறங்கி ஓடி இன்னொரு பஸ் பிடித்து அரியலூர். ஆலைக்குள் ‘கம்ப்யூட்டர் செக்‌ஷன்’ என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருந்தது. அதில் உட்காரும் ஆள் நான் ஒருவன்தான். ஆலையிலேயே ஏசி இருந்த அறை அதுவும் மேனேஜர் அறையும்தான் என்பதால் என் தலைக்கனத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆலையில் அதுவரை ஒரு பழைய பி.சி. இருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடைமேடையில் ஏற்றி எடை பார்ப்பார்கள். அந்த எடையையும், அடுத்த லோடுக்கு எந்த லாரி எந்த முறையில் சுரங்கத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அந்தப் பி.சி.தான் வைத்திருந்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் மூன்று பித்தான்களில் ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருந்தோம். எடைமேடைக் கிளார்க் அதைத் தட்டுவார். அழகு கிடையாது. ஆனால் ஓடியது.

மெட்ராஸ் தலைமை ஆபீஸிலிருந்து திடீரென்று ஒரு புதுப் பொட்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சிப்பே வேறு ரகம், ஓடுவது யூனிக்ஸ். காகிதம் மாதிரி வெள்ளைத் திரை, பக்கத்தில் ஒரு மவுஸ். அரியலூர் வட்டாரத்தில் அதற்கு முன்னால் மவுஸைத் தொட்டவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அதையும் பெங்களூரில்தான் தொட்டிருந்தேன். அங்கே வேலை பார்த்த என் கல்லூரி நண்பன் நான்கு ஃப்ளாப்பிகளில் ஒரு டூல்கிட் கொடுத்திருந்தான். திரையில் ஜன்னல், மெனு, பட்டன் எல்லாம் வரைந்து கொடுக்கும் நிரல்களின் மூட்டை அது. பி.சி.யில் எழுதப்பட்டது, பி.சி.யில்தான் ஓடும். ‘இதை இந்தப் புதுப் பொட்டியில் ஓடவைத்துக் காட்டுகிறேன்’ என்று மேனேஜரிடம் மார்தட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் அது என்னைப் போட்டு மிதித்தது. அந்த யூனிக்ஸ் பாஷையே கொலைகாரப் பாஷை. ஓடுகிற நிரலை நிறுத்த ‘கில்’ என்று அடிக்க வேண்டும். பெற்ற நிரல் செத்துப்போனால் பிள்ளை நிரலுக்கு அநாதை என்று பெயர். செத்தும் போகாமல் கிடப்பதற்குப் பிணம் என்று பெயர். பகல் முழுக்கக் கொன்றுகொண்டே இருந்தேன். மத்தியானம் சுரங்கத்தில் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். தரை ஒரு குலுக்குக் குலுக்கும். மவுஸ் தானாக அரை அங்குலம் நகரும். ‘போடுடா, இன்னும் ரெண்டு போடு, இந்தச் சனியனும் சேர்ந்து சாகட்டும்’ என்று ஜன்னலைப் பார்த்துக் கத்துவேன்.

பட்டன்களில் தமிழ் எழுத வேண்டும் என்பது என் ஆசை. பச்சை எழுத்துப் பி.சி.யில் அதற்கு வழி இல்லை. இந்தத் திரையில் புள்ளி புள்ளியாக எதை வேண்டுமானாலும் வரையலாம். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் பென்சிலால் கறுப்படித்து, கட்டங்களை எண்ணி, எண்களாக்கி நிரலுக்குள் கொடுத்தேன். முதலில் பி.சி.யில் அந்த எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு புதுப் பொட்டியில் ஓடவிட்டால், ஒவ்வொரு எழுத்தும் நடுவில் வெட்டி இடது பாதி வலப்பக்கமும் வலது பாதி இடப்பக்கமுமாக வந்து நிற்கிறது! அடப்பாவி! எண்களை மனதில் வாங்கும் முறையே அந்தச் சிப்புக்குத் தலைகீழ். அது புரிய எனக்கு ஆறு நாள் ஆயிற்று. மேசையோடு சேர்த்து அதை உதைத்தது அந்த ஆறாம் நாள்தான்.

எழுத்து வரைவது முதுகு ஒடிக்கிற வேலை. அதனால் சிக்கனம் பார்த்தேன். எடைமேடைக்கு மூன்று பட்டன் தேவை. வண்டியின் எடையைச் சேமிக்க ஒன்று. கோளாறாகி ஒதுங்கும் வண்டியை முறையிலிருந்து எடுத்துவிட ஒன்று. அடுத்த வண்டியைக் கூப்பிட ஒன்று. டூல்கிட்டோடு வந்த மாதிரித் திரையில் நடுப் பட்டனில் ‘ஸ்டாப்’ என்று இருந்தது. சரி, ஸ்டாப் என்றால் நிறுத்து. ‘பதிவு’, ‘நிறுத்து’, ‘அடுத்து’. பின்னிரண்டிலும் ‘த்து’ பொது. மொத்தம் ஒன்பது எழுத்துதான் வரைய வேண்டியிருந்தது. ‘நிறுத்து’ மூன்றிலும் அழகாக அமைந்துவிட்டது. ‘று’வின் வால் வளைவதைப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

எடைமேடைக் கிளார்க்குக்கு நாற்பது வயது இருக்கும். ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்க்காரர். முந்திரிக் காட்டைத் தாண்டி நடந்து வந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பார். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்தவர். இவர் ஆலையில் கல் உடைக்கச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே எஸ்.எஸ்.எல்.சி. எழுதிப் பாஸாகி, எடைமேடையில் உதவி ஆளாக நின்று, போன வருடம்தான் கிளார்க்காக நிரந்தரமானவர். அவர் தெருவிலிருந்து ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். அந்த நாற்காலியை அவர் தினமும் தன் துண்டால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு அவரைப் பிடிக்கும். நல்ல மனநிலையில் இருந்தால் ‘அண்ணே’ என்பேன், கோபம் வந்தால் ‘யோவ்’ என்பேன். அவர் எப்போதும் ‘சார்’தான்.

புதுப் பொட்டியின் திரையை எடைமேடை அறையில் கொண்டுபோய் வைத்தபோது அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

“இது வந்து எஞ் சீட்டக் கிழிச்சிரும் போலருக்கே சார்?” என்று சிரித்தார். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் அப்போது அங்கே இருந்தார்.

“அட நீங்க வேற, உங்க கைவலி குறையும்ண்ணே” என்றேன்.

இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். மவுஸ் அவர் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போய் அம்பு திரையின் மூலைக்கு ஓடிவிடும். முதலில் அண்ணே, அண்ணே என்று ஆரம்பித்தவன் அரை மணியில் யோவ்வுக்கு வந்துவிட்டேன். ஒரு தடவை அவர் கையின் மேல் பட்டென்று ஒரு அடி வைத்தேன். விளையாட்டு அடி இல்லை. அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போது அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அவர் தனக்குத்தானே ஒப்பித்துப் பார்த்துக்கொண்டார். “வண்டி வந்துச்சுன்னா நம்பர அடிச்சுப் பதிவு. மேடையில ஏத்தி நிறுத்துப்புட்டு, எடைய அடிச்சு, அப்புறம் அடுத்து. அம்புட்டுதானே சார்?”

“ஆமாய்யா, ஆமா! எத்தன தடவ சொல்றது?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. கடையில் புளியை நிறுத்து வாங்குகிறோம். ரோட்டில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துகிறோம். இரண்டுக்கும் எழுத்து ஒன்று. அவர் சொன்னது வண்டியை மேடையில் எடைபோட்டுவிட்டு என்று. நான் கேட்டது மேடைமேல் வண்டியை நிற்க வைத்துவிட்டு என்று. வருஷக்கணக்காக எடைமேடையில் நின்ற ஒரு மனுஷன் கண்ணுக்கு முன்னால் ‘நிறுத்து’ என்று எழுதிக்காட்டினால் அவர் அதை எப்படிப் படிப்பார் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பட்டன்களை வேறு வரிசையாகப் போட்டிருந்தேன்: பதிவு, நிறுத்து, அடுத்து. அவர் வேலை நடக்கிற வரிசையும் அதுதான். கேட்டில் வண்டி நம்பரைப் பதிவார்கள், மேடையில் நிறுப்பார்கள், அடுத்ததைக் கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலை பரிசோதனை. ஆலையின் சொந்த லாரிகள் முதல் மேடையில் பழைய பி.சி.யோடு போகட்டும், வெளியாட்களின் வாடகை லாரிகள் மட்டும் இரண்டாம் மேடையில் புதுப் பொட்டிக்கு வரட்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். இரண்டாம் மேடையில் நம் கிளார்க். காலை ஆறு மணியிலிருந்து வாடகை லாரிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாகப் பதிவை அமுக்கினார், எடையை அடித்தார், நிறுத்தை அமுக்கினார், அடுத்ததைக் கூப்பிட்டார். எந்திரம் தன் பங்குக்கு ஒவ்வொரு லாரியையும் முறையிலிருந்து தூக்கி எறிந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தம் போடவில்லை, ஒரு எச்சரிக்கை காட்டவில்லை. காட்டும்படி நான் எழுதவில்லை.

பத்து மணிக்கு நான் போய் எட்டிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து, “பழகிட்டேன் சார்! இப்பப் பாருங்க, எலி சொன்னபடி கேக்குது” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்தியான வெடி முடிந்ததும், பி.சி.யில் இருந்த சொந்த லாரிகளையும் சேர்த்துப் பிற்பகல் முறைப் பட்டியலை அச்சடித்துச் சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடிச் சட்டென்று நின்றது. தாளைக் கிழித்து, மடித்து, சுரங்க ஜீப்பில் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் தலைப்பும் கீழே ஆலையின் சொந்த லாரிகளும் மட்டும் இருப்பது தெரிந்திருக்கும். வாடகை லாரி ஒன்றுகூட இல்லை. அவற்றின் வரிசைக்காக விட்டிருந்த இடம் வெறும் வெள்ளை.

ஒரு வாரமாகவே ஆலையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் வாடகை லாரிகளை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. டீக்கடையில் நானே கேட்டிருக்கிறேன், கேட்டுச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். சுரங்க வாசலில் காவலாளி பட்டியலைப் பிரித்துவிட்டு, “வாடகை வண்டி ஒண்ணுகூட இல்ல, எல்லாத்தயும் நிறுத்திட்டாங்களாட்டம் இருக்கு” என்று சொன்னதும் அங்கே வெயிலில் வரிசையில் நின்ற டிரைவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

வந்தார்கள். இருபது பேருக்கு மேல். நான் அப்போது எடைமேடை அறையில்தான் இருந்தேன், கிளார்க்கின் பின்னால் நின்று திரையில் ஒரு ஜன்னல் ஓரம் ஏன் கோணலாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் வந்தவர் பூலாம்பாடிக்காரர், வாடகை டிரைவர்களில் பெரிய குரல் அவருடையதுதான். கையில் ஜாக்கிக் கம்பி. மற்றவர்கள் கையில் கல், ஸ்பேனர், கிடைத்தது எல்லாம்.

“எவன்டா எங்க வண்டியெல்லாம் நிறுத்துனது?”

கிளார்க் எழுந்து நின்றார். அவருக்குக் கேள்வியில் எந்தப் பிழையும் தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு தவறில்லாமல் வேலை பார்த்த திருப்தி வேறு. எடையில் ஏதோ சந்தேகம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“நாந்தாங்க. காலையிலேருந்து எல்லா வண்டியயும் நாந்தான் நிறுத்துட்டேன். ஒண்ணு விடல.”

முதல் அடி வாயில் விழுந்தது. ஸ்பேனர் அடி. பல் தெறித்து விசைப்பலகை மேல் விழுந்ததை நான் பார்த்தேன். “யாரு வண்டிய யாருடா நிறுத்துறது?” என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னான். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அந்த வார்த்தை விழுந்ததும் அடியின் வேகமே மாறிவிட்டது. அதுவரை கோபத்தில் அடித்தவர்கள் அதற்கப்புறம் ரசித்து அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியது. ஃபேன் இறக்கையை ஒருவன் தாவிப் பிடித்து வளைத்தான். நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்து ஒடித்தார்கள்.

நான் எங்கே இருந்தேன்? இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். எப்படி அங்கே போனேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மேசையை உதைக்கிற வீரன், மனுஷன் கையில் அடிக்கிற வீரன், பீரோவின் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கால்சட்டை நனைந்திருந்தது.

பூலாம்பாடிக்காரர் ஜாக்கிக் கம்பியை ஓங்கிக்கொண்டு திரையை நோக்கித் திரும்பினார். “இந்தப் பொட்டிதானேடா எல்லாத்துக்கும் காரணம்?”

கிளார்க் கீழே விழுந்தவர், மேசைக் காலைப் பிடித்து எழுந்து, திரையின் மேல் கவிழ்ந்துகொண்டார். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார்.

“பொட்டிய ஒண்ணும் பண்ணாதீங்கய்யா! எஞ் சார்ஜுல இருக்குதுய்யா!”

கம்பி அவர் வலது கையில் இறங்கியது. மறுபடியும் அதே இடத்தில். எலும்பு உடைகிற சத்தம் கல் உடைகிற சத்தம் மாதிரி இல்லை. மெதுவாகத்தான் கேட்டது. மூன்றாம் அடிக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு போலீஸ் வந்தது. டிரைவர்களை வாசலிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் லத்தியால் விரட்டி விரட்டி அடித்தார்கள். பூலாம்பாடிக்காரர் மண்டை உடைந்து ரத்தம் வழியத் தன் லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “நாங்க எங்கய்யா போவோம்? வண்டிய நிறுத்திட்டா எங்க போவோம்?” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிளார்க்கை ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறைக்குள் வந்து பார்த்தேன். எல்லாம் தூள். திரைமட்டும் ஒரு கீறல் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மேலே ரத்தம் சொட்டியிருந்தது. துடைத்தேன். துடைத்த இடத்தில் ‘நிறுத்து’ என்று தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. பதிவுகளைத் திறந்து பார்த்தேன். வண்டிக்கு ஒரு நிறுத்து. காலை ஆறிலிருந்து பிசகாமல், வண்டிக்கு ஒன்று. அந்த நேரமே ஓடிப்போய் மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் கிளம்பினேன். அவர் அறை வாசலில் நின்றபோது உள்ளே அவர் மெட்ராஸுக்கு போனில் பேசிக்கொண்டிருந்தார். “சாஃப்ட்வேர்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், நம்ம பையன் பிரமாதமாப் பண்ணியிருக்கான். அந்தக் கிளார்க்தான் வேணும்னே பண்ணியிருக்கான். மெஷின் வந்தா வேலை போயிரும்னு அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொன்னான்” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போனேன். கட்டம் போட்ட தாளை எடுத்து ‘ர’ என்று ஒரே ஒரு எழுத்து வரைந்தேன். நேர்கோடுகள்தான், பத்து நிமிஷ வேலை. ‘த்து’ ஏற்கனவே இருந்தது. ‘நிறு’வை எடுத்துவிட்டு ‘ர’வை வைத்தேன். ரத்து. யாருக்கும் குழப்பமில்லாத சொல். பிழையைத் திருத்துகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் பழைய நிரலை ஏன் அழித்தேன்? நான்கு ஃப்ளாப்பியிலும் தேடித் தேடி ஏன் அழித்தேன்? ‘நி’யும் ‘று’வும் வரைந்த தாளைச் சுக்குச்சுக்காகக் கிழித்து மாலையில் பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து ஏன் கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கவிட்டேன்? பிழை திருத்துகிறவன் செய்கிற காரியமா அது?

ஒரு வாரம் கழித்து விசாரணை. தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், நரைத்த தலை, நிதானமான ஆள். அவர் பக்கத்தில் மேனேஜர். எதிரே கிளார்க். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு, வாய் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தன் பக்கத்து ஆள் ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்தார்.

“நெசமாவே எனக்குத் தெரியாதுங்க. நிறுத்துன்னு போட்டிருந்துச்சு, நிறுத்தேன். எடை போடுறதுக்கு அதான்னு நெனச்சேன்” என்றார். பல் போன இடத்தில் வார்த்தை வழுக்கியது.

அதிகாரிக்கு அது புரிந்தது. “நிறுத்து... ஆமாம், இருக்கலாமே” என்று மேனேஜரிடம் திரும்பினார். “ஸ்க்ரீனைக் காட்டுங்க, பாத்துரலாம்.”

திரையை அந்த அறைக்கே கொண்டுவந்து வைத்திருந்தேன். ஓடவிட்டேன். கிளார்க் குனிந்து பார்த்தார். இடது கையால் மவுஸைப் பிடித்து அம்பை ஒவ்வொரு பட்டனாகக் கொண்டுபோனார். பதிவு. ரத்து. அடுத்து. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

“இங்கதாங்க இருந்துச்சு. நடுவுல. நிறுத்துன்னு இருந்துச்சுங்க.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். கிளார்க்கும் என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க சொல்லுங்க. நீங்கதானே எழுதுனீங்க. நிறுத்துன்னு இருந்துச்சுல்ல?”

“இல்ல” என்றேன்.

“சார்!”

“ஆரம்பத்துலேருந்து ரத்துன்னுதான் இருக்கு.”

இத்தனைக்குப் பிறகும் அதிகாரி அவரை வேலையை விட்டு எடுக்க விரும்பவில்லை. “சரி, கெட்ட எண்ணம்னு சொல்ல முடியாது. படிச்சதுல ஏதோ குழப்பம். கை குணமானதும் ஸ்டோர்ஸ்ல போட்டுக்கலாம்” என்று ஆங்கிலத்தில் மேனேஜரிடம் சொன்னார். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வேலை போகவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று மனசுக்குள் கும்பிட்டேன். கிளார்க்குக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. அவர் பேச்சைக் கேட்கவும் இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அடி வைத்து என்னிடம் வந்து, இடது கையால் ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

காது அடைத்துவிட்டது. நான் நாற்காலியோடு சரிந்தேன். மேனேஜர் எழுந்து கத்துகிறார், வாட்ச்மேன் ஓடி வருகிறார், எதுவும் கேட்கவில்லை. கிளார்க் அசையாமல் நின்றார். அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். மாவுக்கட்டுக் கையைப் பிடித்துத்தான் இழுத்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மேலதிகாரிகள் முன்னால் கை நீட்டியவனை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை, பாதிக்கப்பட்டவர் எழுத்தில் ஒரு புகார் கொடுத்தால் போதும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

“நடந்தத மட்டும் எழுதுப்பா. கூட்டியும் எழுத வேணாம், குறைச்சும் எழுத வேணாம். அடிச்சாரா இல்லையா?”

அடித்தார். அது உண்மைதான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.